அண்ணி வருகிற விளம்பரம்

மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அண்ணன் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவர் தும்மினால் இந்தப் பக்கமிருந்து நான் "பாத்துண்ணே" என்பேன். நான் மிஷினைத் திட்டினால் அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்கும். பதினான்கு வருஷமாக இப்படித்தான். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அவருக்கு வாயைத் திறக்கவே தெரியாது. அவர் மனசில் என்ன இருக்கிறதென்று எனக்கு வந்து சொல்வது அவர் மனைவிதான். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

அண்ணி போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஒருநாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடிக்கிறது என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் மகள் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள்.

எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அண்ணனின் தொழில். கருகின கம்பியை வெட்டி உருவி எடுப்பார். ஒவ்வொரு இடுக்கையும் சுரண்டித் துடைத்து, காகிதம் சொருகி, புதுக் கம்பியைச் சுற்று எண்ணி எண்ணி இறக்குவார். கடைசியில் மேலே வார்னிஷ் ஊற்றி, உள்ளே குண்டு பல்பு எரிகிற தகரப் பெட்டியில் வைத்துக் காயவிடுவார். சுற்று எண்ணும்போது யாரும் பேசக்கூடாது. ஓர் எண் பிசகினாலும் மோட்டார் சூடேறிப் புகைந்துவிடும். வெயில் காலம் வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. மின்சாரம் போய்ப் போய் வரும், தெருவிலுள்ள ஃபேனெல்லாம் வரிசையாகக் கருகும், வாசலில் கல்யாணப் பந்தி மாதிரி அடுக்கிவைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த வார்னிஷ் துணியில் பட்டால் போகவே போகாது. அண்ணி அதற்காகத் தேய்க்காத சோப்பில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் போனில் ஒரு விளம்பரம் பார்த்து, கறை நீக்கும் திரவம் என்று நீல மூடி போட்ட பாட்டில் ஒன்றை வரவழைத்தார். ராத்திரி முழுக்க ஊறவைத்தும் கறை அப்படியே இருந்தது. ஆனால் வாங்கின நாலாம் நாள் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. பாட்டிலைப் பற்றி நல்ல விதமாகப் பேசி வீடியோ எடுத்து அனுப்பினால், ஆறு பாட்டில் இலவசம்.

"கறைதான் போகலையே அண்ணி, என்னத்தப் பேசுவீங்க?" என்றேன்.

"போகலைன்னா போகுது. ஆறு பாட்டில் சும்மாவா வருது? தரையாவது துடைச்சுக்கலாம். நீ போனைப் பிடி."

அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு ஒரே நீலக் கட்டத் துணியில் இரண்டு சட்டை தைத்திருந்தேன். ஒன்று போட்டுக் கறையாகிவிட்டது. மற்றது பட்டனுக்குக் காஜாகூட அடிக்காமல் என் கடையில் கிடந்தது. கறைச் சட்டையை வாளியில் முக்குவது, புதுச் சட்டையை வாளியிலிருந்து எடுப்பது. யோசனை என்னுடையதுதான். போனைப் பிடித்ததும் நான்தான். சிரிப்பு வந்து மூன்று தடவை கை ஆடிவிட்டது. நாலாவது தடவை சரியாக வந்தது.

"இங்க பாருங்க, இது எங்க வீட்டுக்காரர் சட்டை. இந்த மனுஷன் இருக்காரே, கையில துடைக்கிற துணி இருக்கும், ஆனா கையத் துடைக்கிறது சட்டையிலதான். ஏன்னு கேட்டா, சட்டைதான் பக்கத்துல இருந்துச்சும்பாரு. இருபத்தாறு வருஷமாத் தேய்க்கிறேன், கறையும் போகல, மனுஷனும் திருந்தல. இப்பப் பாருங்க, கறை போயிருச்சு! மனுஷன் திருந்தினா அப்புறமாச் சொல்றேன்."

நாற்பத்தோரு விநாடி. ஆறு பாட்டிலும் வந்தது. தரையைத் துடைத்தார், தரையும் வழுக்கியது. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், பிறகு மறந்துபோனோம்.

அண்ணி போய் இரண்டு மாதம் இருக்கும். மதியம், தெருவே வெயிலில் சுருண்டு கிடந்தது. நான் பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி பேசினார்.

"இந்த மனுஷன் இருக்காரே…"

என் கை கத்திரிக்கோலோடு நின்றுவிட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அண்ணன் பிசைந்த சோற்றுக் கையோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் சரிசெய்யும் வீடியோ ஏதோ பார்த்திருக்கிறார், நடுவில் விளம்பரம் வந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு, எவளோ ஒருத்தி பேசி எடுத்த வீடியோவை எவனோ ஒருத்தன் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அது அண்ணி.

"திரும்பப் போடுங்கண்ணே," என்றேன்.

"வரமாட்டேங்குது தங்கச்சி. போயிருச்சு."

வேறு எதிலும் அந்தக் குரல் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கல்யாண வீடியோவில் பாட்டுதான் கேட்கும். அண்ணி குரல் பதிந்து அனுப்புகிற ஆளும் இல்லை, 'பேசுறதுக்குத்தானே போனு' என்று நேராகக் கூப்பிட்டுவிடுவார். வீடியோ எடுத்த அண்ணியின் பழைய போனை, காரியமெல்லாம் முடிந்த கையோடு மகள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்து அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டாள். பாவம், அவளும் நல்லதுக்குத்தான் செய்தாள். இந்தக் கதையில் எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்தோம்.

விளம்பரத்தை எப்படித் திரும்ப வரவழைப்பது என்று அண்ணனுக்குத் தெரியாது. அவராகவே ஒன்று கண்டுபிடித்தார். அதைத் தொட்டு ஒரு பாட்டில் வாங்கினால், அடுத்த ஒரு வாரம் அண்ணி அடிக்கடி வருவார். வாங்காவிட்டால் வருவது குறையும். அப்புறம் கேட்கவா வேண்டும்? பெட்டி பெட்டியாக வர ஆரம்பித்தது. கம்பிச் சுருள் அடுக்குகிற பலகையில் பாதி இடம் நீல மூடிகள்தான்.

"என்னண்ணே, சலவைக் கடை வைக்கப்போறீங்களா?"

"இருக்கட்டும் தங்கச்சி. வாங்குறவனுக்குத்தான் காட்டுறான்."

"உங்க மககிட்டச் சொன்னா ஏதாவது வழி பண்ணுவாளே."

"அவகிட்டச் சொல்லாத. இப்பத்தான் அழுகைய நிறுத்தியிருக்கா. மறுபடி எதுக்கு?"

நான் சொல்லவில்லை. பிறவியிலேயே ஒரே ஒரு தடவை வாயைக் கட்டினேன், அதுவும் கட்டக்கூடாத இடத்தில். மகள் மருந்துக் கடையில் பில் போடுகிற பெண், போனைப் பிரித்து மேய்கிறவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் அதைப் பதிந்து கையில் கொடுத்திருப்பாள். எனக்கோ அப்படியெல்லாம் பதியமுடியும் என்றே தெரியாது. என் போனில் பாதிப் பட்டனை நான் தொட்டதே இல்லை.

அதோடு போயிருந்தால்கூடச் சரி. விளம்பரத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதுவதைப் படிக்க ஆரம்பித்தார் அண்ணன்.

அவர் கடையின் ஒரே பிளக்கில் வார்னிஷ் பெட்டி ஓடும் என்பதால், போனை என் கடையில்தான் சார்ஜ் போடுவார். ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். இந்தப் பொம்பளையை நம்பி வாங்கினேன், புதுச் சட்டை பாழ். பொய்க்காரி. ஆறு பாட்டிலுக்கு நாக்கை விற்றவள். பொய் சொன்ன வாய் அழுகிப்போகும். இப்படி நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றின் அடியிலும் அண்ணன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரே பதிலை எழுதியிருந்தார். 'இவர் என் மனைவி. இறந்துவிட்டார். தயவுசெய்து திட்டாதீர்கள்.'

அதற்கு ஒருவன் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான். இன்னொருவன், விற்கிறதுக்கு இதுவும் ஒரு வித்தையா என்று கேட்டிருந்தான். கம்பெனிக்காரனே ஒவ்வொரு தடவையும் தவறாமல் பதில் போட்டிருந்தான். 'உங்கள் அன்புக்கு நன்றி! உங்கள் அனுபவத்தை நண்பர்களுடன் பகிருங்கள்!'

அந்த மாதத்தில்தான் அண்ணனுக்குச் சுற்று எண்ணிக்கை பிசக ஆரம்பித்தது. கட்டிக்கொடுத்த ஃபேன் இரண்டே நாளில் புகைந்து திரும்பி வந்தது. பேக்கரிக்காரர் மாவு பிசைகிற மோட்டாரைத் தூக்கிவந்து வாசலில் வைத்துக் கத்தினார்.

"வயசாச்சுன்னா கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதானே? என் நாலு மூட்டை மாவு புளிச்சுப்போச்சு!"

அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். பேக்கரிக்காரர் போனபிறகு போய்க் கேட்டேன்.

"ஏண்ணே இப்படி ஆகுது?"

"எண்பது வரைக்கும் எண்ணுறேன். நடுவுல அந்த ஆள் எழுதினது ஞாபகம் வருது. வாய் அழுகிப்போகும்னு. அவ வாய் அழுகித்தானே போயிருக்கும் தங்கச்சி, மண்ணுக்குள்ள? அதோட எண்ணிக்கை விட்டுப்போகுது."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இந்த எழவு விளம்பரம் இவரைக் கொன்றுதான் விடும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் அவர் ஒரு மோட்டாரைக் கொண்டுபோய் மாட்டப் போயிருந்தார். போன் என் கடையில் சார்ஜில் கிடந்தது. அதற்குப் பூட்டெல்லாம் கிடையாது. திறந்தேன், நாலு வீடியோ தள்ளினேன், அண்ணி வந்தார். ஓரத்தில் மூன்று புள்ளி இருந்தது. தொட்டேன். 'இந்த விளம்பரத்தை நிறுத்து' என்று வந்தது. அதையும் தொட்டேன். ஏன் என்று கேட்டது. பொருத்தமில்லை, அருவருப்பானது, பலமுறை பார்த்துவிட்டேன். மூன்றாவதை அமுக்கினேன். 'நன்றி. இனி இது உங்களுக்குக் காட்டப்படாது' என்றது. வாயைத் திறந்த நிலையில் அண்ணி மறைந்துபோனார். நல்ல காரியம் செய்த நிம்மதியில், அன்று மூன்று சட்டைக்குக் காலர் வைத்து முடித்தேன்.

மூன்றாம் நாள் அண்ணன் என் கடை வாசலில் வந்து நின்றார். அவராக வந்து நின்று பேசுவதே அபூர்வம்.

"தங்கச்சி, அவ வரல."

"யாருண்ணே?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன், பாவி.

"மூணு நாளாச்சு. அஞ்சு பாட்டில் வாங்கிப் பாத்துட்டேன். எல்லா வீடியோவும் பாத்துட்டேன். பல்லு விளக்குறது, செருப்பு, இடுப்பு வலி, எல்லாவனும் வர்றான். அவ வரல. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா? கொஞ்சம் பாரு."

போனை நீட்டினார். பத்து மாதத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கீழே எழுதுகிறவர்களைத் தாங்க முடியாமல்தான் அவர் குமைகிறார் என்று நினைத்தேனே தவிர, அத்தனை வசவையும் தாங்கிக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தது எதற்காக என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

"நீங்க எதையும் அமுக்கலண்ணே," என்றேன். "நான்தான் அமுக்கினேன்."

"என்னத்த?"

"வேணாம்னு. இனிமே காட்டாதேன்னு. நீங்க படுற பாட்டைப் பாக்க முடியல. அதான்…"

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் கறுத்துப்போனது.

"உனக்கு யாரு அந்த உரிமையக் குடுத்தா?" என்றார். "நான் உன்கிட்டக் கேட்டேனா? அவ என் பொண்டாட்டி. ஊரே காறித் துப்பட்டும், நான் பாத்துக்கிறேன். அவ பேசுறாளா இல்லையா? அது போதும் எனக்கு. அதையும் பிடுங்கிட்டியே!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கத்தி யாரும் பார்த்ததில்லை. நான் தையல் மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். பெரிய மனுஷி மாதிரி அடுத்தவர் வீட்டு விஷயத்தில் கை வைத்தேன், கை வெந்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் பாதி வேலையில் எழுந்து வந்துவிட்டாள். பலகையில் இருந்த நீல மூடிகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா? பதிஞ்சு குடுத்திருப்பேனே! ஆயிரம் தடவை கேட்டிருக்கலாமே!"

"நீ அழுவேன்னு சொல்லல."

"இப்ப மட்டும் சிரிக்கிறேனா?"

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். அப்பாவின் போனில் தடுத்ததை நீக்கிப் பார்த்தாள், வரவில்லை. கம்பெனிப் பக்கத்தில் தேடினாள், அங்கே வேறு வேறு பெண்கள் வேறு வேறு சட்டையோடு சிரித்தார்கள். வேறு போனில் வரலாம் என்றாள். நாம் எதைத் தேடுகிறோம், எதைப் பேசுகிறோம் என்று பார்த்துத்தான் அனுப்புகிறான் என்றாள். அவ்வளவுதான், மூன்று பேரும் மூன்று போனை வேலை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"கறை," என்றாள் மகள் தன் போனிடம். "சட்டையில கறை. கறை போக என்ன செய்யணும்."

"ஐயோ, சட்டையெல்லாம் கறையாப் போச்சே," என்றேன் நான் என் போனிடம். "நல்ல மருந்து ஏதாவது இருக்கா?"

அண்ணன் தன் போனைப் பக்கத்தில் இழுத்து, குனிந்து, பெரிய மனுஷரிடம் மனு கொடுப்பவர் போல மெதுவாகச் சொன்னார். "வார்னிஷ் கறைங்க. போகவே மாட்டேங்குது."

வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இரண்டு நாள் இப்படியே போனது. வாசலில் ஃபேன்கள் குவிந்தன, யாரும் தொடவில்லை. டீயும் பன்னுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டோம். என் போனில் சோப்பு வந்தது, சலவை மிஷின் வந்தது, கறை படியாத சோபா வந்தது. ஒவ்வொரு தடவையும் விளம்பரம் தொடங்கும்போது மூன்று தலையும் ஒரு போன் மேல் கவிழும், பிறகு அவரவர் இடத்துக்குப் போகும்.

மூன்றாம் நாள் மகள் கம்பெனிக்கே போன் போட்டாள். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அரை மணி நேரம் அலைக்கழித்த பிறகு ஒரு பெண் வந்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள் மகள்.

"எந்த ஆர்டர் சம்பந்தமா மேடம்?"

"ஆர்டர் இல்லங்க. உங்க விளம்பரத்துல ஒரு அம்மா பேசுவாங்க, நீலக் கட்டச் சட்டையக் காட்டி. அந்த வீடியோ வேணும்."

"அந்த விளம்பரம் நிறுத்திட்டோம் மேடம். நிறையப் புகார் வந்துச்சு. உங்களுக்கும் சட்டை பாழாயிருச்சா? மாத்து பாட்டில் அனுப்பவா?"

"பாட்டில் வேணாம். அது எங்க அம்மா. இறந்துட்டாங்க. அவங்க குரல் எங்ககிட்ட வேற எதுலயும் இல்ல."

அந்தப் பெண்ணின் பேச்சே மாறிவிட்டது.

"ஐயோ, அப்படியாக்கா? ஒரு நிமிஷம் இருங்கக்கா, நான் உள்ள கேட்டுச் சொல்றேன்."

காத்திருந்தோம். போனில் கம்பெனிப் பாட்டு ஓடியது. அண்ணன் எழுந்து நின்றுகொண்டார், உட்கார்ந்து கேட்டால் மரியாதையாக இருக்காது என்பது போல.

"அக்கா, பழைய ஃபைல் இங்க இல்லையாம். ஆனா அம்மா முகத்துக்கு நல்ல வரவேற்பு இருந்துச்சாம், அதனால புகார் வராத வேற ஊர்கள்ல அதே வீடியோவ ஓட்டுறாங்களாம். லிங்க் வாங்கிட்டேன், அனுப்புறேன். என்னால இவ்வளவுதான்கா முடிஞ்சது."

லிங்க் வந்தது. மகள் இந்தத் தடவை முதல் வேலையாகப் பதிவைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் தொட்டாள்.

அண்ணி வந்தார். அதே சமையலறை, அதே வாளி, அதே சட்டை. நான் பிடித்த போனில், என் கை லேசாக ஆடுவதுகூட அப்படியே தெரிந்தது. அண்ணன் "வந்துட்டா," என்றார்.

அண்ணி வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து வேறொரு பெண் பேசினாள்.

எங்களுக்குத் தெரியாத பாஷை. சின்ன வயசுக் குரல், ரயில் நிலையத்தில் அறிவிப்பார்களே அந்த மாதிரி, ஒரு பிசிறில்லாமல். அண்ணி கண்ணை உருட்டி, உதட்டைச் சுழித்து, சட்டையை உதறிக் காட்டுகிறார். அந்தப் பெண் கடகடவென்று பாட்டிலைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டு போகிறாள். அவள் சொல்லி முடித்த பிறகும் அண்ணியின் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. மனுஷன் திருந்தினா அப்புறமாச் சொல்றேன் என்கிற இடம்.

"இது யாரு?" என்றார் அண்ணன்.

"டப்பிங்குப்பா. வேற ஆளை வச்சுப் பேசியிருக்காங்க."

"அவ எங்க?"

மகள் கையிலிருந்து போனை வாங்கி மறுபடி போட்டார் அண்ணன். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார், அந்தக் குரலுக்கு அடியில் எங்காவது அண்ணி குரல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று. மறுபடி போட்டார். ஏழெட்டுத் தடவை இருக்கும். போதும்பா என்று மகள் பிடுங்கப் போனாள், விடவில்லை.

கடைசியில் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் போயிருந்தது. பார்க்கச் சகிக்காத ஒரு கெஞ்சல்.

"தங்கச்சி, நீதானே பிடிச்சே. கூடவே இருந்தியே. அவ சொன்ன மாதிரி ஒரு தடவை சொல்லிக் காட்டு."

"எனக்கு எப்படிண்ணே அண்ணி மாதிரி வரும்?"

"சொல்லேன். வந்த மாதிரி சொல்லு."

தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "இங்க பாருங்க, இது எங்க வீட்டுக்காரர் சட்டை. இந்த மனுஷன் இருக்காரே…"

"அப்படி இல்ல. மனுஷன்கிறத இழுப்பா."

"இந்த மனுஷ…ன் இருக்காரே…"

"அவ்வளவு இழுக்க மாட்டா."

"இந்த மனுஷன் இருக்காரே, கையில துடைக்கிற துணி இருக்கும்…"

"இல்ல."

"நீங்களே சொல்லிக் காட்டுங்கண்ணே. அதக் கேட்டு நான் சொல்றேன்."

அவர் வாயைத் திறந்தார். கண்ணை இடுக்கி, சுற்று எண்ணும்போது நிற்பது போல அசையாமல் நின்றார். உதடு இரண்டு தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் திகில்.

"வரலையே," என்றார். "காலைல வரைக்கும் காதுல இருந்துச்சு. இப்ப அந்தப் பொம்பளைதான் பேசுறா."

"கொஞ்ச நேரம் விட்டா வந்துரும்பா," என்றாள் மகள்.

எனக்குப் பதைத்துவிட்டது. எப்படியாவது பிடித்து இழுத்துவிடலாம் என்று வேகவேகமாகச் சொன்னேன். "ஏன்னு கேட்டா, சட்டைதான் பக்கத்துல இருந்துச்சும்பாரு. இருபத்தாறு வருஷமாத் தேய்க்கிறேன், கறையும் போகல…"

"நிறுத்து தங்கச்சி," என்றார் அண்ணன். "நீ சொல்லச் சொல்ல, மிச்சம் இருக்கிறதும் போகுது."

சொல்லிவிட்டு, வார்னிஷ் காய்ந்த இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.